கல்கோயிலில் எனக்கு அடித்த மணி

1

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தேவாலயம் இருக்கிறது. கால் மணிக்கு ஒரு தரம் மணி அடிக்கும். ஜெர்மனிக்கு வந்து பதினாறு வருஷமாகிறது, இந்தத் தெருவில் அதை எண்ணுகிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நான் எண்ணுவேன். மதியம் பன்னிரண்டு என்று கடிகாரம் காட்டினாலும், பன்னிரண்டையும் எண்ணி முடித்த பிறகுதான் தட்டில் கை வைப்பேன். இதை ஒரு வியாதி என்கிறாள் என் மனைவி கிரேஸ். அவள் திருச்சிக்காரி. எங்கள் ஊரில் பிறந்திருந்தால் அவளும் எண்ணியிருப்பாள்.

இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கார் பாகங்களுக்கு அச்சு செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறவன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத சுபாவம் எனக்கு. பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்துவது என் வேலையில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். ஒரகடம் பக்கத்தில் எங்கள் வீட்டில் அம்மாவும் என் தங்கை எஸ்தரும் இருக்கிறார்கள். போனை எடுத்ததும் அம்மாவின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இன்னாடா, சாப்ட்டியாடா?" அன்றைக்கு அவள் கேட்டது வேறு மாதிரி இருந்தது.

"நல்லா கீறீங்களா? சாப்ட்டீங்களா?"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். என் மகள் ரூத்துக்குத் தமிழ் அரைகுறை. நாயை நீங்க என்பாள், பாட்டியை நீ என்பாள். அவளைப் போல் பேசிக் காட்டுகிறாளாக்கும் என்று சிரித்துவைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. குளிர் எப்படி, வேலை எப்படி என்று இரண்டு கேள்வி மரியாதையாகக் கேட்டாள், கிரேஸிடமும் ரூத்திடமும் கொஞ்சம் பேசினாள், போனை எஸ்தரிடம் கொடுத்துவிட்டாள்.

இது கிண்டலில்லை என்று முதலில் கண்டுபிடித்தது ரூத்தான். பதினேழு வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறவள். ஜெர்மனிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு, அதைத் தப்பாகச் சொன்னால் இங்கே முகம் சுளிப்பார்கள். அவள் காதில் அது உடனே உறைத்திருக்கிறது. "பாட்டி ஏன் உன்னை மட்டும் யாரோ தெரியாத ஆள் மாதிரி கூப்பிடுகிறாள்?" என்று கேட்டாள். அம்மா அவளைக் கண்ணு என்றுதான் கூப்பிட்டாளாம், கிரேஸை நீ என்றுதான் பேசினாளாம். என்னைத்தான் நீங்க.

2

எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வடக்குப்பட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் அரை மணியில் வரும் ஊர். சபையின் பெயர்ப் பலகையில் நீளமான பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அதைக் கல்கோயில் என்றுதான் சொல்வார்கள்.

தாது வருஷப் பஞ்சத்தில் கட்டியது. ஏரிக்கரையைப் பலப்படுத்த வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், வேலை கேட்டு வந்த பசித்த சனங்களுக்குத் தானியத்தைக் கூலியாகக் கொடுத்துக் கல் சுமக்க வைத்தார் என்று சொல்வார்கள். பக்கத்துக் குன்றை உடைத்த கருங்கல். சுவர் இரண்டு முழம் கனம். ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் ஆப்பு அடித்துப் பிளந்த குழிகள் பாதிப் பாதியாக வரிசையாக நிற்கும், யாரோ கடித்து வைத்த மாதிரி. கல்தச்சர்கள் தங்கள் வேலைக்கு அடையாளமாக ஏணி, மீன், சூலம் என்று சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆராதனை மேடைக்குப் பின்னால் ஒரு கல்லில் சூலம் இருக்கிறது. எந்த ஆயரும் இதுவரை அதை அழிக்கச் சொல்லவில்லை.

உள்ளே சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். கூரை தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் மாடி. ஜன்னல்கள் மேலே கூராக முடியும், கும்பிட்ட கை மாதிரி. அவ்வளவும் சரியான வேலை. நான் தொழில் கற்ற பிறகு லீவில் போனபோது மட்டம் வைத்துப் பார்த்தேன், கல்சுவர் அசையவே இல்லை.

அசைந்தது மணிக்கூண்டு. அது முதலில் கணக்கிலேயே கிடையாது. கப்பலில் வந்த மணி நினைத்ததைவிடப் பெரியதாக இருந்ததால், மேற்கே தனியாகச் செங்கல்லில் கூண்டு கட்டிக் கல்சுவரோடு ஒட்டிவிட்டார்கள். கல் உட்கார்ந்த இடத்தில் உட்காரும், செங்கல் சாயும். இரண்டுக்கும் நடுவே நான் சின்னப் பையனாக இருந்தபோது பத்துப் பைசா நுழையும். இப்போது என் கைமுஷ்டியே நுழைகிறது.

அந்த மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. பஞ்சத்தில் செத்தவர்களில் பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அதனால் முதல் ஆயர், செத்தவருக்கு என்ன வயசிருக்கும் என்று பார்த்து, அத்தனை முறை மணி அடிக்கச் சொன்னாராம். அது அப்படியே தங்கிவிட்டது. இன்றைக்கும் சபையில் ஒருவர் தவறினால் வயசுக்கு எத்தனையோ அத்தனை அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ரீங்காரம் முழுசாக அடங்க வேண்டும். வயலில் இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எண்ணுவார்கள், இப்போது ஃபாக்டரி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை முடிந்ததும் யார் போனது என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு எத்தனை அடிப்பது? அந்த இன்ஜினியரின் குழந்தையே ஆறு நாள்தான் இருந்தது, தாயோடு மேடைக்கு இடப்பக்கம் தரையில் ஒரே பலகைக்கல்லுக்குக் கீழே இருக்கிறது. அதற்காக ஏற்பட்டதுதான் ஊமை மணி. மணியின் நாக்கில் துணியைச் சுற்றிவிட்டு, கயிற்றை ஒரே ஒரு முறை இழுப்பார்கள். சத்தம் வராது. வராத சத்தம் எங்கே போகும், கல்லுக்குள் போய்த் தங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாங்கள் பிள்ளைகளாகச் சுவரில் காதை வைத்து, உள்ளே மணி கேட்கிறதா என்று பார்ப்போம். கேட்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து இருபது நாளில் போய்விட்டது. அதற்கும் ஊமை மணிதான். அடித்தபோது வீட்டிலிருந்த தனக்கு அது கேட்டது என்று அம்மா ஒரு முறை சொன்னாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

3

வினை நான் தேடிப் போனது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். என்னிடம் இருந்தது பள்ளிச் சான்றிதழ்தான், அதிலே ஜூன் ஒன்று. எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில்தான் பிறந்தோம், தலைமையாசிரியர் தயவில். எனக்கு வயதிலும் இரண்டைக் குறைத்துவிட்டார், பின்னால் சர்க்கார் உத்தியோகத்துக்கு உதவுமாம். சர்க்கார் உத்தியோகம் வரவில்லை. ஆனால் அந்தத் தேதி பாஸ்போர்ட், விசா, கல்யாணப் பதிவு எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. ஜூன் ஒன்றில் ரூத் கேக் வெட்டுவாள், நானும் ஊதி அணைப்பேன். நாளடைவில் நானே அதை நம்பிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஞானஸ்நானச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். எஸ்தரைக் கல்கோயிலுக்கு அனுப்பினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பழைய பதிவேட்டில் என் பிறப்பு மாட்டுப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் என்று இருந்தது, வருஷமும் இரண்டு முன்னால். ஆக, பேப்பரில் எனக்கு வயசு ஐம்பத்திரண்டு, கல்கோயிலில் ஐம்பத்து நான்கு. அதுவரை இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: அந்தப் பதிவேடும் அம்மாவும்.

அம்மா என்னை நீங்க என்று சொன்ன அன்று இரவு எஸ்தர் தனியாகக் கூப்பிட்டாள். குரலை அடக்கிப் பேசினாள்.

"அண்ணா, வியாழக்கெழம காலைல மணி அட்ச்சுச்சு. அம்பத்து நாலு. ஊர்ல யாரும் சாவல. யாருக்குன்னு யாருக்கும் தெரியல. அம்மா மட்டும் எண்ணி முட்ச்சிட்டு, சாமுவுக்கு அட்ச்சிட்டாங்கன்னு சொல்லிச்சு. அப்புறம் உம் பேரையே சொல்ல மாட்டேங்குது."

எங்கள் ஊரில் இன்னொன்று உண்டு. யாருக்கு மணி அடித்ததோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, வாடா போடா என்று உரிமையாகப் பேசக் கூடாது. பேசினால் போகிற உயிர் போகாமல் வாசலிலேயே நிற்கும் என்பார்கள். நான் உயிரோடு இருப்பது அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை, போனில் முகத்தைப் பார்க்கிறாள். ஆனாலும் மணி அடித்தாயிற்று. கண் ஒன்று சொல்கிறது, மணி ஒன்று சொல்கிறது, அவள் மணியை நம்பினாள். போதாததற்கு, செத்தவர்கள் பேசுகிற மாதிரி இப்போதெல்லாம் போனிலே செய்துவிடுகிறார்கள் என்று டிவியில் வேறு பார்த்திருக்கிறாள்.

4

கல்கோயிலில் மணி அடிப்பவன் தேவசகாயம். என்னோடு எட்டாவது வரை படித்தவன். பிரேக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் நைட் ஷிஃப்ட் போகிறான், காலையில் வந்து கோயிலைக் கூட்டுவான். அவனைப் போனில் பிடித்தேன். ஒளிக்காமல் சொன்னான்.

ஆயருக்கு ஐந்து சபை. என் சான்றிதழை எழுத உட்கார்ந்தவர், படிவத்தில் இப்போதைய வயது என்ற கட்டத்துக்காக ஒரு சீட்டில் கணக்குப் போட்டு ஐம்பத்து நான்கு என்று எழுதியிருக்கிறார். அதற்குள் வேறு சபையிலிருந்து அவசரமாகக் கூப்பிட, பதிவேட்டின் மேல் சீட்டை வைத்துவிட்டுப் பைக்கை எடுத்துவிட்டார். வழக்கமே அதுதான்: யாராவது தவறினால் ஆயர் பதிவேட்டைப் பார்த்து வயசைச் சீட்டில் எழுதி மேலே வைத்துவிட்டுப் போவார். மணி அடிக்கிறவன் பெயரைப் பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. சீட்டைப் பார்த்து அடிக்க வேண்டும்.

"பேர பாத்திருந்தா உம் பேருன்னு தெரிஞ்சிருக்கும்டா" என்றான். "பாக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிக் குட்த்தது. ஷிஃப்ட் முட்ச்சி வந்த தூக்கம் வேற. ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்குக் கயித்த இழுக்கவே வேணாம்டா. தொட்டா போதும்னு இருந்துச்சு."

அதை நான் மேலே கேட்கவில்லை. அம்மாவிடம் போய் நடந்ததைச் சொல்லச் சொன்னேன். போய்ச் சொல்லியிருக்கிறான், ஆயரும் போய்ச் சொல்லியிருக்கிறார். அம்மா இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். மும்பையில் என் பெரிய மாமா செத்தபோது அவருடைய மாமியாரிடம் ஆறு மாதம் மறைத்தார்கள். மாமா எழுதுகிற மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுத்ததே அம்மாதான். மறைக்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு விமோசனமே இல்லையா என்று அம்மாவைக் கேட்கும்படி எஸ்தரிடம் சொன்னேன். இருக்கிறது என்றாளாம் அம்மா. யுத்த காலத்தில் பர்மாவுக்குப் போன ஒருவர் செத்துவிட்டார் என்று கல்கோயிலில் மணி அடித்துவிட்டார்கள். அவர் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். பெண்டாட்டி கதவைத் திறக்கவில்லை. அப்போதைய ஆயர் அவர் கையிலேயே கயிற்றைக் கொடுத்து, அவர் வயசை அவரே அடிக்கச் சொன்னார். தனக்கு அடித்த மணியைத் தானே திருப்பி அடித்தால் அது ரத்து. அவர் அதற்கப்புறம் முப்பது வருஷம் இருந்தாராம்.

"அவரு வந்து அடிக்கட்டும்" என்று அம்மா சொன்னாளாம். அவரு என்றது என்னை.

அதிலும் ஒரு சிக்கல். கன்டெய்னர் லாரி அதிர்வில் மணிக்கூண்டு இன்னும் சாய்ந்துவிட்டது. ரோட்டை அகலப்படுத்தவும் அந்த இடத்தைக் குறித்திருக்கிறார்கள். கல்கோயில் நிற்கும், கூண்டு போகும். பொங்கல் முடிந்து வரும் திங்கட்கிழமை கிரேன் கொண்டுவந்து மணியை இறக்கப்போகிறார்கள். அதற்குள் நான் போக வேண்டும். போகாவிட்டால் அம்மா இருக்கிற வரைக்கும் நான் அவளுக்கு நீங்கதான்.

5

போவதென்றால் டிக்கெட் எடுத்தால் போதுமா? என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிப் புதியதுக்கு விண்ணப்பித்திருந்தேன். அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டான் என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அலுவலகத்தில் நல்ல பெண்மணி ஒருத்தி. விரல் ரேகை வைக்கச் சொன்னாள். வலது கை வைத்தேன், திரை வெள்ளையாகவே இருந்தது. இடது கை. வெள்ளை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, களிம்பு பூசி, மறுபடி. முப்பது வருஷம் உலோகத்தைத் தேய்த்த விரல், ரேகை தேய்ந்திருக்கும், அது எனக்கே தெரியும். அவள் தலையைச் சாய்த்து, வருத்தமாக, இயந்திரத்துக்கு நீங்கள் தெரியவில்லை என்றாள். வெளியே வரும்போது தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு எனக்குத் திறக்கவில்லை. முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தேன். பின்னால் குழந்தை வண்டியோடு ஒருத்தி வந்தாள், அவளுக்குத் திறந்தது, அவளோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. சென்சார் அழுக்காக இருந்திருக்கும். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் ஊதிப் பார்த்தேன். ஆவி படிந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் முழுக்க இப்படியே போயிற்று. ஞாயிறு தோறும் அம்மா, நல்லா கீறீங்களா என்றாள். நான் நல்லா இருக்கேம்மா என்றேன். ஒரு ஞாயிறு கேமராவைத் திருப்பி என் கால் முதல் தலை வரை காட்டினேன். சந்தோஷங்க என்றாள். கிரேஸ் சமையலறையில் அழுதாள். ரூத் மலையேற்றப் பயிற்சிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். பக்கத்து ஊரில் பூட்டிக் கிடந்த ஒரு தேவாலயத்தை வாங்கி, உள்சுவர் முழுக்கப் பிடிமானம் பதித்து, பிள்ளைகள் ஏறிப் பழகும் கூடமாக்கிவிட்டார்கள். பலிபீடம் இருந்த இடத்தில் மெத்தை. மணி மட்டும் மேலே அப்படியே இருக்கிறதாம், யாரும் அடிப்பதில்லையாம். நான் இன்னும் அங்கே போய்ப் பார்க்கவில்லை.

ஜனவரி முதல் வாரம் அதே பெண்மணி கூப்பிட்டு, போய்வர ஒரு தற்காலிகத் தாள் கொடுத்தாள். நல்லபடியாகப் போய் வாருங்கள், அம்மாவுக்கு என் வாழ்த்து என்றாள். அவளிடம் எதற்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. என்ன சொல்வது?

6

வியாழக்கிழமை மாலை இறங்கினேன். தாம்பரத்திலிருந்து படப்பை வரை பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. பக்கத்தில் உட்கார்ந்தவர் எனக்கு மனை விற்கப் பார்த்தார். கம்பெனி காம்பவுண்டுச் சுவரும் கன்டெய்னர் வரிசையும் முடிந்த இடத்தில், சாய்ந்த கூண்டும் அதன் தலையில் சுற்றிய சிவப்பு எச்சரிக்கை நாடாவும் தெரிந்தன. ஆட்டோவில் இருந்த எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கதவைத் திறந்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாள். அவள் முதலில் பார்த்தது என் முகத்தை இல்லை, காலை. கால் தரையில் படுகிறதா என்று பார்த்தாள். பட்டது. இரண்டு கையும் முன்னால் வந்தன, பாதியில் நின்று, முந்தானைக்குள் போய்விட்டன.

"வாங்க" என்றாள். "உக்காருங்க."

விருந்தாளிக்குக் கொடுக்கிற கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வந்தது. அம்மா, நான்தாம்மா, தொட்டுப் பாரும்மா என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். சூடு இருந்தது, நாடி இருந்தது, அது அவளுக்குத் தெரிந்தது, கண் நிரம்பிவிட்டது. ஆனால் வாய் வரவில்லை. மணி அட்ச்சாச்சே என்று மட்டும் சொன்னாள். ஐம்பது வயசுக்கு மேல் ஒரு ஆள் தேம்பித் தேம்பி அழுவது நன்றாக இருக்காது. நான் அழுதேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆயரைப் போய்ப் பார்த்தேன். மெதுவாக அடிக்க வேண்டும், கூண்டுக்குள் தலைக்கவசம் போட வேண்டும் என்று இரண்டு நிபந்தனையோடு சனிக்கிழமை காலைக்குச் சம்மதித்தார். நடந்த தவறுக்கு நாலு தரம் மன்னிப்புக் கேட்டார். மதியம் வீட்டுக்கு வந்தால் சேமியா பாயசம். என் முன்னால் வைத்துவிட்டு, சாப்பிட்டு முடிக்கிற வரை அம்மா எதிரிலேயே நின்றாள். வெளிநாட்டு விருந்தாளிக்கு உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு மடையன் நான்.

7

சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தேவசகாயம் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடே வந்தான். கையில் இரண்டு தகர டப்பா. ஒன்றில் புளியங்கொட்டை. ஒரு அடிக்கு ஒரு கொட்டையை இந்த டப்பாவிலிருந்து அதற்கு மாற்றுவான், எண்ணிக்கை தப்பக் கூடாதென்று அவன் அப்பா காலத்துப் பழக்கம். எண்ணி வைத்ததை நானும் ஒரு முறை எண்ணினேன். ஐம்பத்து நான்கு.

கயிறு கனத்தது. தொட்டால் போதும் என்று இவன் சொன்ன கயிறா இது என்று நினைத்தேன். முதல் அடிக்கு உடம்பையே தொங்கவிட வேண்டியிருந்தது. மேலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டியது. ரீங்காரம் அடங்கும் வரை நின்றேன். தேவசகாயம் ஒரு கொட்டையைப் போட்டான். இரண்டாவது அடி.

இருபதுக்கு மேல் கை வலிக்க ஆரம்பித்தது. முப்பதில் வெளியே நடமாட்டம் நின்றதைக் கவனித்தேன், டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். எண்ணுகிறார்கள். எனக்கு அடிக்கிற மணியை நானே அடித்துக்கொண்டு, அதை ஊர் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது சாதாரண விஷயமில்லை. நாற்பதில் ஒரு எண்ணம் வந்தது: நிஜமாகவே நான் செத்து, இது அதற்குப் பிறகு நடப்பதாக இருந்தால்? அப்படியானால் கை இவ்வளவு வலிக்காது என்று சொல்லிக்கொண்டேன்.

ஐம்பத்து நான்காவது கொட்டை விழுந்தது. முதல் டப்பா காலி. தேவசகாயம் அதைக் கவிழ்த்துக் காட்டினான். கயிற்றைச் சுவர்க் கொக்கியில் மாட்டினோம். கல்லும் செங்கல்லும் சேரும் இடத்தில் கையை வைத்தேன், கல் இன்னும் உள்ளுக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. சின்ன வயசில் செய்த மாதிரி காதை வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை. அவனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

வீடு பத்து நிமிஷ நடை. வழியெல்லாம் லாரி, ஹார்ன், ஷிஃப்ட் பஸ். எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

அம்மா தெருவிலேயே நின்றாள். கட்டைவிரல் சுண்டுவிரலின் கணுவில் இருந்தது, விரல் கணுக்களை வைத்துத்தான் அவள் எண்ணுவாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் கலைந்தது.

"அம்பத்தஞ்சு" என்றாள். "நேத்தோட உனக்கு அம்பத்தஞ்சு ரொம்பிச்சு. பாயசம் வெச்சேனே, ஞாபகம் வரலியா? செத்தவனுக்கு வயசு ஏறாதுடா. ஏறிச்சின்னா எம் புள்ள உசுரோட கீறான்னு அர்த்தம். உள்ள வாடா. சாப்ட்டியாடா?"

என் தோளில் ஒரு அடி போட்டாள். சின்னப் பிள்ளையில் வாங்கிய அதே அடி.

மாட்டுப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். நான் மறந்தே போயிருந்தேன். நான் அடித்தது நவம்பர் மாதத்துச் சீட்டின் கணக்கு. அதன்படி அவள் ஐம்பத்து நான்குதான் எண்ணியிருக்க வேண்டும். அப்படி எண்ணியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க இன்றைக்கும் எனக்குத் தைரியமில்லை. செத்த நாளில் இருந்த வயசிலேயே நான் நின்றுபோயிருக்கிறேன் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் தேவசகாயத்துக்குப் போன் போட்டேன். நீ போனதும் பூட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன், கயிற்றைத் தொடவே இல்லை என்றான். கொட்டையை எண்ணச் சொன்னேன். எண்ணினான், ஐம்பத்து நான்கு. டீக்கடைக்காரரும் ஐம்பத்து நான்கு என்றார். எஸ்தர் நடுவில் எண்ணிக்கையை விட்டுவிட்டாளாம்.

அம்மா தப்பாக எண்ணியிருக்கலாம். எண்பது வயசாகப் போகிறது. ஆசை ஒரு அடியைக் கூட்டிக்கொண்டிருக்கலாம், அதுதான் நியாயமான விளக்கம். ஆனால் அந்தக் கல்லுக்குள் எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு அடி ரொம்ப நாளாக இருக்கிறது. இருபது நாள் இருந்துவிட்டுப் போன என் அண்ணனுக்கு அடித்தது, அம்மா மட்டும் கேட்டது. அதை அவன் எனக்குக் கொடுத்துவிட்டானோ என்று நினைக்கிறேன். நினைக்கக் கூடாது என்றுதான் பார்க்கிறேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அம்மாவிடம் நான் அடித்தது ஐம்பத்து நான்கு என்று சொல்லவே மாட்டேன்.

8

திங்கட்கிழமை மணியை இறக்கினார்கள். கூண்டு பிப்ரவரியில் போயிற்று. கல்கோயில் நிற்கிறது, மேற்குச் சுவரில் செங்கல் ஒட்டியிருந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறதாம். மணி உள்ளே தார்ப்பாய் சுற்றித் தரையில் கிடக்கிறது. புதிய கூண்டு கட்ட இன்னும் இடம் முடிவாகவில்லை. புளியங்கொட்டைகளைத் தேவசகாயத்திடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். என் மேசை டிராயரில், இன்னும் கொடுக்காத ஞானஸ்நானச் சான்றிதழோடு இருக்கின்றன.

நேற்று எனக்கு ஐம்பத்தாறு. ஞாயிறு இல்லாத நாளில் அம்மா தானாகக் கூப்பிட்டாள். அதற்கு முன்னால் எஸ்தர் வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். "அண்ணா, காலைல அம்மா தெருவுல போய் நின்னுக்கினு ரொம்ப நேரம் விரல எண்ணிக்கினு இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல. இன்னாம்மான்னு கேட்டா, கரெக்டா கீதுன்னு சொல்லிச்சு."

போனில் அம்மாவிடம் அதைக் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. எதிரே தேவாலய மணி அடிக்க ஆரம்பித்தது. மதியம் பன்னிரண்டு. முதல் தடவையாக நான் எண்ணவில்லை.

"இன்னாடா சத்தமே காணோம், சாப்ட்டியாடா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டேம்மா என்றேன்.